தயாரித்தவர்

கோழியின் றெக்கையைக் கழற்றக் கத்தி வேண்டாம். மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, எதிரெதிராக ஒரே முறுக்கு. டக்கென்று சத்தம் வரும், கையோடு வந்துவிடும். பதினெட்டு வருஷமாக ஒரே கறிக்கடையில், ஒரே மரக்கட்டை முன்னால் நின்று நாளைக்கு நூறு நூற்றைம்பது கோழி வெட்டுகிறவள் நான். வெட்டுப்பட்ட எலும்பு எது, அடிபட்டது எது, முறுக்குப்பட்டது எது என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

போன வருஷம் ஒருநாள் மத்தியானம் என் தங்கச்சி வலது மணிக்கட்டு வீங்கி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, முறுக்கு. அவளும் மறைக்கவில்லை. "அவருதான்க்கா. நான் கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கறேனே" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எடையில் ஏமாற்றிய கோழி வண்டிக்காரனை நடுத்தெருவில் சட்டையைப் பிடித்து உலுக்கியவள் நான். அன்றைக்கு அந்தக் கோபம் எந்தப் பொந்தில் போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. "எந்த வீட்லடி சண்டை இல்ல? ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி, சோறு போட்டு, மணிக்கட்டில் துணி சுற்றி, ஐந்து மணிக்கு டாக்ஸி பிடித்து அனுப்பிவைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அதே கையில் மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நானும் தலையாட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டாள்.

காலை ஏழு மணி, கடையில் கூட்டம் அம்முகிறது. அவள் புருஷன் நம்பரிலிருந்து ஃபோன். பேசியது அவள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்பது குரல் எதிரொலித்த விதத்திலேயே தெரிந்தது. "அக்கா, தொடைக்கறி ஒன்றரைக் கிலோ வேணும். எலும்பெடுத்து, தோலோட. நீயே கொண்டு வர்றியா?"

கடையில் டெலிவரிக்கு இரண்டு பேர் வண்டியோடு நிற்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும். 'நீயே' என்ற சொல் என்னைக் குத்தியது. ஏப்ரனைக் கழற்றி முதலாளியின் மேஜைமேல் எறிந்துவிட்டுக் கிளம்பினேன். இன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுதான் அந்த வீட்டைவிட்டு வெளியே வருவேன் என்று போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வெட்டுக்கத்தியும் பையில் இருந்தது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை, என் கத்தியை நான் கடையில் விட்டுவிட்டு வருவதே இல்லை. அடுத்தவன் கைபட்டால் கூர் போய்விடும்.

கதவைத் திறந்தது அவன். பெரிய ஹோட்டலில் கிரில் பிரிவுக்குத் தலைமை. அங்கே எல்லோரும் செஃப் என்பார்கள், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்த வீட்டில், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு.

"வாங்கக்கா, வாங்க! கறி குடுத்துட்டு ஓடிடுவீங்களோன்னு நெனச்சேன்."

"இல்ல மாப்பிள்ளை. கடைக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க சமைச்சு நான் சாப்பிட்டதே இல்லையே."

அவன் முகம் ஒரு நொடி சுருங்கி விரிந்தது. என் பின்னால் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் கையை நீட்டினான். "ஃபோனைக் குடுங்கக்கா. கிச்சன்ல ஃபோன் கூடாது, கிருமி." சிரித்துக்கொண்டே வாங்கி அதையும் உள்ளே போட்டான்.

அந்தச் சமையலறையை எப்போது பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். உப்பு டப்பாவிலிருந்து தீப்பெட்டிவரை எல்லாவற்றிலும் வெள்ளை ஸ்டிக்கர். ஹோட்டலிலிருந்து உருளை உருளையாகக் கொண்டுவருவான். ஒவ்வொன்றிலும் நாலு வரி அச்சடித்திருக்கும்: பொருள், தேதி, நேரம், தயாரித்தவர். ஃப்ரீசரில் வைத்தாலும் உரியாது, ஈரம் பட்டாலும் எழுத்துக் கலையாது என்று பெருமையடிப்பான். ஸ்டிக்கர் இல்லாத பொருள் அவன் கண்ணில் பட்டால் அன்றைக்கு வீடு வீடாக இருக்காது.

தங்கச்சி மேடையருகில் நின்றிருந்தாள். நான் அவளைச் சின்னு என்றுதான் கூப்பிடுவேன். சின்னு என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். இடது கையால் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது, பிடி நிற்காது.

"கிரீக் ஸ்டைல் சிக்கன்க்கா" என்றான் அவன், மேடைபோட்டுப் பேசுகிறவன் மாதிரி. "நாளைக்கு எங்க ஹோட்டல் ஜெனரல் மேனேஜர் ருசி பாக்கறாரு. ஓகேன்னா அடுத்த வாரம் மெனுல வருது. இன்னைக்கு ஒத்திகை." பிறகு குரலை மாற்றினான். "தயிர்."

"யெஸ் செஃப்" என்று சின்னு குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்த துணி மூட்டையை அவிழ்த்து வந்தாள். ராத்திரி முழுக்கத் தொங்கிய தயிர் வெண்ணெய் மாதிரி இறுகியிருந்தது. அவன் துணியோடு பிடித்து ஒரு தரம் பிழிந்தான். ஒரு துளி நீர் எட்டிப் பார்த்தது.

"இது என்ன?"

"தண்ணி, செஃப்."

"தயிர்ல தண்ணி இருந்தா என்னாகும்?"

"கறி வறுபடாது. அவிஞ்சுடும், செஃப்."

"தெரியுதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே கையிலிருந்த இரும்பு இடுக்கியால் அவள் விரல் முட்டிகளில் ஓங்கி ஒன்று வைத்தான். ஆணி அடிக்கிற சத்தம். அவள் வாயைத் திறக்கவில்லை. விரல்களை மட்டும் மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை!" நான் எழுந்துவிட்டேன்.

"ஹோட்டல் கிச்சன் இப்படித்தான்க்கா. எனக்கும் இப்படித்தான் கத்துக்குடுத்தாங்க." சிரித்தான். அதில் அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, சாவி அவனிடம் இருக்கிறது, பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தயிரில் ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு, காய்ந்த ஆரிகேனோ இலை. எல்லாவற்றையும் அவன் அதட்ட அதட்ட அவள் வீங்கிய விரலால் கலந்தாள். பாதிக் கலவையில் கறியைப் புரட்டி மூடினாள். மீதியைப் பெரிய கிண்ணத்தில் தனியாக வைத்தாள், வேகும்போது பூச. இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினாள். நாலு மணி நேரம் ஊற வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் ஹாலில் போய் டிவி போட்டுக்கொண்டான்.

நான் குளிர்பெட்டியைத் திறந்தேன். "ஐஸ் எங்கடி?"

"ஐஸ் வேணாம்க்கா. கீழ்த்தட்டுல பட்டாணி இருக்கு. அதை எடு." குரல் தாழ்ந்திருந்தது. "திருப்பிப் பாரு."

ஒரு கிலோ பட்டாணிப் பை, கல்லாக உறைந்திருந்தது. முன்பக்கம் அழகான ஸ்டிக்கர்: பட்டாணி, தேதி, நேரம், தயாரித்தவர் என்ற இடத்தில் இவள் பெயர். திருப்பினேன். பின்பக்கம் இடுக்கு விடாமல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பொருள்: இடது தாடை. தேதி. நேரம்: காலை 6.50. பொருள்: விலா. பொருள்: முதுகு. பொருள்: காது, கேட்கவில்லை. எல்லாவற்றிலும் தேதியும் நேரமும் இருந்தன. தயாரித்தவர் என்ற வரி மட்டும் எதிலும் நிரப்பப்படவில்லை. இருபத்து மூன்று எண்ணினேன். முதல் தேதி, கல்யாணமாகிப் பதினோராம் நாள். அன்றைக்கு நான் இவர்களுக்கு விருந்து வைத்திருந்தேன். சின்னு ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். பல்வலி என்று சொன்னதும் கேலி செய்தேன்.

பிறகு அந்தத் தேதி வந்தது. என் வீட்டுக்கு அவள் வந்த நாள். ஒரே தேதியில் இரண்டு ஸ்டிக்கர்.

வலது மணிக்கட்டு. காலை 10.20.

வலது மணிக்கட்டு. மாலை 6.10.

காலையில் அவன் முறுக்கியிருக்கிறான். நான் துணி சுற்றி, டாக்ஸியில் ஏற்றி, கையாட்டி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் அதே கையை உடைத்திருக்கிறான். அக்கா வீட்டுக்குப் போனதற்காக. குளிர்பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குடி இதெல்லாம் எழுதி வச்சே?"

"அடிபட்ட எடத்துல வச்சா கரைஞ்சுடும். கரைஞ்சதை மறுபடி உறைய வச்சா புது ஸ்டிக்கர் ஒட்டணும். அவரோட ரூல்." பட்டாணிப் பையை வாங்கி விரலில் வைத்துக்கொண்டாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. "ஒட்டலன்னா அதுக்கு வேற தனியா அடி வாங்கணும். மொதல்ல அந்தப் பயத்துலதான் ஒட்டினேன். அப்புறம் விடல."

"அவன் பாக்கலியா?"

"ஸ்டிக்கர் இருக்கான்னுதான் பாப்பாரு. முன்பக்கம் இருந்தா சரி."

"கிளம்பு. இன்னைக்கு என்கூட வந்துடு." அவள் தோளைப் பிடித்தேன். "நான் அன்னைக்கு..."

"அதை இப்பப் பேசாத. நீ வருவியா மாட்டியான்னு பாக்கத்தான் கறி கேட்டேன். வந்துட்டே." ஹால் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள். "சாவி அந்தக் கோட்டுலதான் இருக்கு. கரி பத்தவைக்கும்போது கழட்டுவாரு."

அவன் கழற்றவில்லை. ஒரு மணிக்குப் பின்பக்கச் சிமெண்ட் தரையில் கரி அடுப்பை மூட்டியபோதும் கோட்டு உடம்பிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு இரும்பு மேஜை, அதன்மேல் வெட்டுப் பலகை, தட்டு, கலவைக் கிண்ணம். சின்னு கறியைக் கம்பியில் கோத்தாள். அடுப்பில் வைக்குமுன் அதிகப்படித் தயிரை வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் சொட்டிச் சொட்டித் தீ பிடிக்கும். அதை அவன் இரண்டு முறை சொன்னான். வலது கையில் பிடிப்பில்லாதவள், இடது கையில் விரல் வீங்கியவள், எதைக்கொண்டு வழிப்பாள்? முதல் மூன்று கம்பி நன்றாகவே வந்தது. தோல் பொன்னாகி, ஓரத்தில் லேசாகக் கருகி, பூண்டும் எலுமிச்சையும் கலந்து அப்படி ஒரு வாசனை. சண்டாளன் கை. நாலாவது கம்பியிலிருந்து எண்ணெய் கரியில் கொட்டி, தீ குப்பென்று எழுந்து கறியை விழுங்கியது. எடுப்பதற்குள் கறுத்துவிட்டது.

அவன் கத்தவில்லை. கறுத்த கம்பியை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்பின்மேல் வைத்தான்.

"எத்தனை தடவை சொன்னேன்?"

"யெஸ் செஃப்."

"யெஸ் இல்ல. எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை, செஃப்."

இடுக்கியை மேஜைமேல் ஒழுங்காக வைத்தான். துண்டில் கையைத் துடைத்தான். அவளுடைய வலது கையை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தான், பாத்திரத்தை எடுத்துவைப்பதுபோல. மூட்டுக்கு மேலே ஒரு கை. கீழே ஒரு கை.

அந்தப் பிடியை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை நான் பிடிக்கிற பிடி.

பாய்ந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் பின்னோக்கி ஒரு இடி இடித்தான். என் தாடையில் விழுந்தது. சுவரில் போய் மோதினேன். வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் நாக்கின்மேல் கிடந்தது, துப்பினேன். சின்னு அலறினாள். அத்தனை வருஷத்தில் அவள் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பை சமையலறை வாசலில் இருந்தது, இரண்டே எட்டு. கத்தி கைக்கு வந்த கணத்தில் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

அவன் முன்கை மேஜைமேல் நீட்டியிருந்தது. எங்கே வெட்டினால் ஒரே வெட்டில் வரும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வெட்டியிருப்பேன். பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது? அவன் கைக்கு அடியில் சின்னுவின் கை இருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் கத்தியை உள்ளங்கையில் புரட்டினேன். கூர் மேலே, முதுகு கீழே. முழு பலத்தோடு இறக்கினேன்.

டக்.

அவன் பிடி விட்டுப்போனது. ஒரு நொடி தன் கையையே நம்பாமல் பார்த்தான், பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான். "கறிக்கடை நாயே!" இடது கையால் அடுப்பிலிருந்த கம்பியை உருவி என் முகத்துக்கு நேராகக் குத்தினான். எரியும் கறியோடு சிவந்த நுனி வந்தது. தடுக்க வேறு வழியில்லை, கையால் பிடித்தேன். உள்ளங்கை சீறியது. என் தோல் பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. அவன் அழுத்தினான், நான் விடவில்லை. கண்ணுக்கும் அந்த நுனிக்கும் நாலு விரற்கடைதான் இருந்தது.

அப்போது மேஜையிலிருந்த கிண்ணத்தைச் சின்னு இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினாள். பூசுவதற்கு வைத்திருந்த கலவை. எலுமிச்சை, மிளகு, உப்பு, பச்சைப் பூண்டு. அவன் முகத்தில் முழுக் கிண்ணத்தையும் அடித்து ஊற்றினாள்.

கம்பியைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுழன்றான். இடுப்பு இடித்து அடுப்பு சாய்ந்தது. கரி தரையெல்லாம் உருண்டது. அதன்மேலேயே முழங்கால் குத்தி விழுந்து துள்ளினான். "தண்ணி! ஏய், தண்ணி கொண்டா! கேக்குதா?"

"யெ..." என்று அவள் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்தபடியே நின்றது. மூடிக்கொண்டாள். குனிந்து அவன் கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியையும் என் ஃபோனையும் எடுத்தாள். அவன் குருட்டாம்போக்கில் அவள் தலைமுடியைப் பற்றினான். நான் அந்தக் கையை மிதித்தேன். ஒரு தடவை அல்ல, அவன் விடுகிறவரைக்கும். விட்ட பிறகும் ஒரு தடவை.

வாசல் கதவைத் திறந்துகொண்டு தெருவில் கால் வைத்தோம். சின்னு சட்டென்று நின்று, திரும்பி உள்ளே ஓடினாள்.

"அடியே, பைத்தியமா உனக்கு!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். என் உயிர் என்னிடம் இல்லை. அவன் உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே எதையோ உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்தாள். நெஞ்சோடு பட்டாணிப் பை.

டாக்ஸியில் அதை என் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். என் வாயையும் கையையும் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அவனுக்கும் ஒன்று அனுப்பச் சொன்னேன், கையை உடைத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு சின்னுவிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி அடிச்சிருக்காராம்மா? எப்ப, எத்தனை தடவை? ஞாபகம் இருக்கா?"

சின்னு என் தாடையிலிருந்து பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பட்டாணி கரைந்து தொளதொளவென்றிருந்தது. மேஜையில் தண்ணீர் ஓடியது. எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. அவன் பெருமையடித்தது உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் வாய்விட்டுப் படித்தார், அப்புறம் எண்ணிக்கொண்டே போனார். கடைசியில் விரலை ஒரு வரியில் வைத்தார். "தேதி, நேரம் எல்லாம் இருக்கு. யாருன்னு எதுலயும் எழுதலையேம்மா."

"எழுதறேன் மேடம். பேனா குடுங்க."

வீங்கிய இடது விரல்களால் பேனாவைப் பிடித்து, தயாரித்தவர் என்ற வரியில் புருஷன் பெயரை முழுசாக எழுத ஆரம்பித்தாள். இடது தாடை, அவன் பெயர். விலா, அவன் பெயர். முதுகு, காது, மறுபடி விலா. குழந்தை எழுத்துப் பழகுவதுபோல மெதுவாக, ஒன்றையும் விடாமல் எழுதினாள். வலது மணிக்கட்டு, காலை 10.20, அவன் பெயர். அடுத்த ஸ்டிக்கரில் பேனாவை வைத்தாள். எழுதவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள், உடனே அவசரமாக அவன் பெயரையே அதிலும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. விடு" என்றாள்.

உள்ளங்கை வெந்துபோன கையில் பேனா நிற்கவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதினேன். மாலை 6.10, அவன் பெயருக்குப் பக்கத்தில்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன்.